விபத்துக்குப் பின் அணு உலை நீரில் மாதிரி எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணு உலை விபத்து என்றதும் வெடிப்பு, மக்கள் வெளியேற்றம், ஐயோடின் மாத்திரை என்றுதான் பேச்சு போகும். உலைக்குள் சுற்றும் நீரில் சில மில்லிலிட்டர் எடுத்துச் சோதிப்பதைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. கேட்பவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்கள். பெரும்பாலும் அழுத்த நீர் உலைகளை (உயர் அழுத்தத்தால் நீர் கொதிக்காமல் இருக்கும் வகை) மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி மட்டும் கொதிநீர் உலை வகை (உலைக்குள்ளேயே நீர் கொதிக்கும்).

விபத்து நடந்த உலையின் நீரை ஏன் சோதிக்க வேண்டும்?

யுரேனிய எரிபொருள் சிறு வில்லைகளாகச் சிர்கோனியக் கலவைக் குழாய்களுக்குள் அடைபட்டிருக்கிறது. அணுப்பிளவில் பிறக்கும் செனான், ஐயோடின், சீசியம் எல்லாம் அந்த உறைக்குள்ளேயே தங்க வேண்டும். உறையில் ஊசித்துளை விழுந்தால் கொஞ்சம் கசியும். உறை கிழிந்தால் நிறைய வரும். எரிபொருளே உருகினால், மற்றபடி வெளியே வராத தனிமங்களும் தலைகாட்டும். இவை அனைத்தையும் தொட்டுக்கொண்டு ஓடுவது குளிர்விப்பு நீர். அதனால் உள்ளே நடந்ததன் தடயம் அதில்தான் முதலில் சேரும்.

எரிபொருள் சேதத்தோடு வேறு மூன்று விஷயங்களும் அந்த நீரில் தெரியும். நியூட்ரானை விழுங்கி, உலை மறுபடி தானாகக் கிளம்பாமல் தடுக்கப் போதுமான போரான் இருக்கிறதா, எரியக்கூடிய வாயு எவ்வளவு கரைந்திருக்கிறது, எஃகை அரிக்கும் குளோரைடு சேர்ந்திருக்கிறதா என்பவை அவை.

தினமும்தான் மாதிரி எடுக்கிறார்களே, இதில் என்ன புதிது?

வழக்கமான நாளில் வேதியியல் பிரிவு ஊழியர் கையுறை போட்டுக்கொண்டு மாதிரி அறைக்குப் போவார். வால்வைத் திறந்து, குழாயில் தேங்கியிருந்த பழைய நீர் போகும்வரை ஓடவிட்டு, புட்டியில் பிடித்து மூடிக்கொண்டு வருவார். அரை மணி வேலை.

விபத்துக்குப் பிறகும் குழாய் அதேதான், வால்வும் அதேதான். ஆனால் பக்கத்தில் நிற்க முடியாது. விபத்துக்கால மாதிரி அமைப்புகளை வடிவமைக்கும்போது அமெரிக்காவில் வைத்த உச்ச வரம்பு, ஒரு கிராம் நீரில் 10 கியூரி (கியூரி என்பது கதிரியக்கத்தின் அலகு). அப்படிப்பட்ட ஒரு மில்லிலிட்டர் நீர் மூடாமல் மேசைமேல் இருந்தால், ஓர் அடி தள்ளி நிற்பவருக்கு மணிக்கு 40 ரெம் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு) அளவில் காமா கதிர் படும். ஒரு முழு ஆண்டுக்கு அனுமதிக்கப்பட்ட 5 ரெம் அளவை அவர் பத்து நிமிடத்துக்குள் வாங்கிவிடுவார். புட்டியில் அதைப்போல நூறு மடங்கு நீர் இருந்தால் என்ன ஆகும் என்பதைத் த்ரீ மைல் ஐலண்ட் காட்டியது.

த்ரீ மைல் ஐலண்டில் மாதிரி எடுத்தபோது என்ன நடந்தது?

பென்சில்வேனியாவில் சஸ்குவஹன்னா ஆற்றின் நடுவே உள்ள நிலையம் அது. 1979 மார்ச் 28 அதிகாலை 4 மணிக்கு இரண்டாம் உலையில் நீரூட்டம் நின்றது. அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த நிவாரண வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. மூடிவிட்டது என்றே கட்டுப்பாட்டு அறையில் நினைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது.

அந்தக் காலையிலேயே மாதிரி எடுத்தார்கள். போரான் எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குறைந்து காட்டியது. நியூட்ரான்களை எண்ணும் கருவி காட்டிய எண்ணிக்கையும் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு உலை மறுபடி கிளம்புகிறதோ என்ற பயம் வந்தது. அவசரமாகப் போரான் செலுத்தினார்கள். உண்மையில் நியூட்ரான் எண்ணிக்கை ஏறியதற்குக் காரணம் வேறு. எரிபொருளுக்கும் வெளியே இருந்த எண்ணும் கருவிக்கும் நடுவே நியூட்ரான்களைத் தடுத்துக்கொண்டிருந்த நீரில் ஆவி கலந்து, தடுப்பு மெலிந்துவிட்டது. போரான் விஷயத்தில், கொதித்துக்கொண்டிருக்கும் ஓர் அமைப்பின் எந்த மூலையிலிருந்து நீர் வந்தது என்பதே தெரியாது. ஆவி குளிர்ந்து சேர்ந்த நீர் என்றால் அதில் போரான் அநேகமாக இருக்காது. எண்ணைப் பிழையில்லாமல் அளந்தாலும், அது உலை மையத்தின் எண் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இத்தனை எச்சரிக்கை கண்ணில் பட்டும் நீர் போதாமல் எரிபொருள் காய்கிறது என்ற நேரான விளக்கம் அந்த நேரத்தில் யாருக்கும் எட்டவில்லை. மாதிரி முடிவு தன்னளவில் யாரையும் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மறுநாள், மார்ச் 29 மாலை, சேதத்தின் அளவை அறிய உலை வழியே சுற்றும் முதன்மை நீரில் சுமார் 100 மில்லிலிட்டர் பிடித்தார்கள். புட்டியருகே அளந்தபோது மணிக்கு 1,000 ரெம்முக்கு மேல். நிலையத்தில் மாதிரியின் கதிரியக்கத்தை எண்ணும் அறையும் உதவவில்லை. சுற்றுப்புறக் கதிர்வீச்சே கருவிகளை நிரப்பிவிட்டது. விபத்துக் காலத்தில் அந்த நிலையத்தின் மூன்று ஊழியர்கள் 3 முதல் 4 ரெம்வரை வாங்கினார்கள். அன்றைய காலாண்டு வரம்பு 3 ரெம். உயிருக்கு ஆபத்தான அளவு இல்லை. ஆனால் ஒரு புட்டி நீருக்கு வரம்பு மீற வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே யாரும் யோசித்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு என்ன விதி வந்தது?

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1980 நவம்பரில் வெளியிட்ட நியூரெக்-0737 என்ற ஆவணம் ஒவ்வோர் உலைக்கும் விபத்துக்கால மாதிரி அமைப்பு ஒன்றைக் கேட்டது. மாதிரி எடுக்கலாம் என்று முடிவு செய்த மூன்று மணி நேரத்துக்குள் எடுத்து, சோதித்து, எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த வேலையில் யாருக்கும் உடம்பு முழுவதுக்கும் 5 ரெம், கைகளுக்கு 75 ரெம் தாண்டக் கூடாது. குளோரைடுக்கு மட்டும் கூடுதல் அவகாசம் உண்டு. உப்புநீர் கலக்கும் வாய்ப்புள்ள இடங்களில் 24 மணி நேரம், மற்ற இடங்களில் நான்கு நாள். உலைக் கட்டடத்துக் காற்றிலிருந்தும் மாதிரி எடுக்கும் வசதி வேண்டும்.

இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது?

அழுத்த நீர் உலையில் நீர் சுமார் 155 பார் அழுத்தத்தில், 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். அதை முதலில் குளிர்விப்பானில் குளிரவைத்து அழுத்தத்தை இறக்க வேண்டும். குழாயில் ஏற்கெனவே தேங்கியிருப்பது பழைய நீர் என்பதால் அதைக் கழுவித் தள்ளவும் வேண்டும். தள்ளிய நீரைச் சாக்கடைத் தொட்டியில் விட முடியாது. உலைக் கட்டடத்துக்குள்ளேயே திருப்பி அனுப்புவார்கள். விபத்து நேரத்தில் கட்டடத்தை அடைக்கும் வால்வுகள் தானாக மூடிக்கொண்டிருக்கும். மாதிரிக்காக அவற்றில் சிலவற்றைத் தொலைவிலிருந்து திறக்க வேண்டியிருக்கும். அந்த முடிவை வேதியியல் பிரிவு தனியாக எடுக்க முடியாது.

ஊழியர் நிற்பது ஈயமும் எஃகும் சேர்ந்த தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம். கைப்பிடிகள், அழுத்தமானிகள், சுவிட்சுகள் எல்லாம் ஒரு பலகையில். சுவருக்கு அப்பால் மிகச் சிறிய கொள்ளளவு ஒன்றை அடைத்து, அதைத் தூய நீரோடு ஆயிரம் மடங்குவரை கலந்து நீர்க்கச் செய்வார்கள். கரைந்த வாயுவுக்குத் தனி வழி: காற்று உறிஞ்சி எடுக்கப்பட்ட ஒரு கலத்தில் நீரை விட்டால் வாயு பிரிந்து மேலே நிற்கும். அதை வாயு நிறப்பிரிகைக் கருவிக்கு (கலவையைப் பிரித்து அளப்பது) அனுப்புவார்கள். நீர்த்த மாதிரி ஈயப் பெட்டியில் ஆய்வகம் போகும். அங்கே உயர்தூய ஜெர்மானியம் என்ற தனிமத்தாலான கருவியில், எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும் காமா நிறமாலை எடுப்பார்கள். குளோரைடுக்கு அயனி நிறப்பிரிகை.

ஆயிரம் மடங்கு நீர்த்தும் சில நேரம் போதாது. கருவி ஒரு காமாவை எண்ணி முடிப்பதற்குள் அடுத்தது வந்தால் எண்ணிக்கை குறைந்து காட்டும். ஆய்வகத்தில் மறுபடி நீர்க்கச் செய்து, கருவியிலிருந்து தள்ளிவைத்து அளப்பார்கள். ஒவ்வொரு கலப்பிலும் ஒரு பிழை சேரும். இரண்டு மூன்று முறை கலந்த பிறகு வரும் எண்ணை மூன்று தசம இடங்களுக்குச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

காற்று மாதிரிக் குழாயில் இன்னொரு தொல்லை உண்டு. குழாய் குளிர்ந்திருந்தால் ஐயோடின் வழியிலேயே சுவரில் ஒட்டிக்கொள்ளும். கருவியில் குறைவாகத் தெரியும். அதனால் குழாயைச் சூடாக்கி வைப்பார்கள்.

எந்தத் தனிமம் வந்தால் என்ன அர்த்தம்?

செனான்-133, கிரிப்டான்-85 போன்ற மந்த வாயுக்களும் ஐயோடினும் சீசியமும் எளிதில் ஆவியாகக்கூடியவை. வில்லைக்கும் உறைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் இவை ஏற்கெனவே சேர்ந்திருக்கும். உறை கிழிந்த உடனே வெளியே வரும். இவை மட்டும் கூடினால் சேதம் பெரும்பாலும் உறையோடு நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பேரியம்-140, லாந்தனம்-140, ருத்தீனியம் போன்றவை கணிசமாகத் தெரிந்தால் எரிபொருளே கடும் சூட்டுக்கு ஆளாகியிருக்கிறது.

விகிதங்கள் இதைவிடப் பயன்படும். ஐயோடின்-133இன் அரைவாழ்வு (பாதி சிதைய ஆகும் நேரம்) சுமார் 21 மணி நேரம். ஐயோடின்-131க்கு 8 நாள். இடைவெளியில் பல நாள் தங்கிய வாயுவில் குறுகிய ஆயுள் கொண்டது பெரும்பகுதி சிதைந்திருக்கும், வில்லைக்குள் இருப்பதில் அந்த அளவுக்குச் சிதைந்திருக்காது. ஆகவே உலை நின்ற நேரத்துக்குத் திருத்திய பிறகும் 133இன் பங்கு அதிகமாக இருந்தால், வில்லையிலிருந்தே வருகிறது என்று கணிக்கலாம். சீசியம்-134க்கும் 137க்கும் உள்ள விகிதம் எரிபொருள் எவ்வளவு காலம் எரிந்தது என்பதைச் சொல்லும். பல உலைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் நிலையத்தில், கசிந்த நீர் எந்த உலையுடையது என்று பிரிக்க அது கைகொடுக்கும்.

கரைந்த ஹைட்ரஜனுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

சிவந்து காய்ந்த சிர்கோனியம் நீராவியோடு வினைபுரிந்தால் ஹைட்ரஜன் பிறக்கும். த்ரீ மைல் ஐலண்டில் விபத்தன்று மதியம் 1:50க்கு அது உலைக் கட்டடத்துக்குள் எரிந்து, அழுத்தமானி சுமார் 28 பிஎஸ்ஐவரை (ஏறக்குறைய 2 பார்) துள்ளியது. கட்டடம் தாங்கியது.

பெரிய கலவரம் அதற்குப் பிறகுதான். உலைக் கலனின் தலைப்பகுதியில் ஹைட்ரஜன் குமிழி ஒன்று இருந்தது. கதிர்வீச்சு நீரைப் பிளந்து ஆக்சிஜனை உண்டாக்கும், அது குமிழியில் சேர்ந்தால் கலனே வெடிக்கும் என்று ஆணையத்தின் ஆட்கள் சிலர் கணக்குப் போட்டார்கள். வார இறுதி முழுவதும் அமெரிக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் 1 அன்று ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரே நிலையத்துக்கு வந்தார். கணக்கு தவறு. நீரில் ஹைட்ரஜன் மிகுதியாகக் கரைந்திருந்தால், பிளவுபடும் ஆக்சிஜன் உடனே அதோடு சேர்ந்து மறுபடி நீராகிவிடும். அழுத்த நீர் உலைகளில் தினமும் ஒரு கிலோ நீரில் 25 முதல் 50 கன சென்டிமீட்டர் ஹைட்ரஜனை வேண்டுமென்றே கரைத்துவைப்பதும் இதற்காகத்தான். நிலையத்தின் எந்த வேதியியலாளருக்கும் தெரிந்த விஷயம்.

குளோரைடும் பிஎச்சும்?

குளோரைடு துருப்பிடிக்காத எஃகில் அழுத்த அரிப்பு விரிசலை உண்டாக்கும். அது வாரக்கணக்கில் நடக்கும் வேலை. முதல் நாளில் அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. கடல்நீர் ஏற்றினால் மட்டும் கணக்கு மாறும்.

பிஎச், அதாவது நீரின் அமில, கார அளவு, அவசரமானது. கட்டடத்தின் அடியில் தேங்கும் நீர் 7க்கு மேல் காரமாக இருந்தால் ஐயோடின் நீரிலேயே அயனியாகக் கட்டுண்டு கிடக்கும். அமிலமானால் கதிர்வீச்சின் உதவியோடு ஆவியாகிக் காற்றில் ஏறும். இதற்காகவே பல உலைகளில் கூடை கூடையாக ட்ரைசோடியம் பாஸ்பேட்டைத் தரைமட்டத்தில் வைத்திருப்பார்கள். நீர் வந்தால் தானே கரையும். த்ரீ மைல் ஐலண்டிலிருந்து மந்த வாயுக்கள் பல லட்சம் கியூரி வெளியேறியும் ஐயோடின்-131 ஏறக்குறைய 15 கியூரிதான் போனது. பெரும்பகுதி ஐயோடின் நீரில் தங்கியதே காரணம்.

சோதனை முடிவு தவறாக வருமா?

வரும். ஃபுகுஷிமாவில் வந்தது. 2011 மார்ச் 24 அன்று மூன்றாம் உலையின் டர்பைன் கட்டடத்தில் கேபிள் இழுக்கப் போன மூவர் தேங்கியிருந்த நீரில் நின்று 170 மில்லிசீவர்ட்டுக்கு (17 ரெம்) மேல் வாங்கினார்கள். நீரை முன்கூட்டிச் சோதிக்காததன் விலை அது.

மூன்று நாள் கழித்து, நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனம் இரண்டாம் உலையின் டர்பைன் கட்டட நீரில் ஐயோடின்-134 ஒரு கன சென்டிமீட்டருக்கு 290 கோடி பெக்கரல் (நொடிக்கு அத்தனை அணுச் சிதைவு) இருப்பதாகவும், அது இயங்கும் உலை நீரைப்போல ஒரு கோடி மடங்கு என்றும் அறிவித்தது. உலகமெங்கும் தலைப்புச் செய்தி. அன்றிரவே திரும்பப் பெற்றார்கள். ஐயோடின்-134இன் அரைவாழ்வு 53 நிமிடம். உலை நின்று 16 நாளில் 400க்கும் மேற்பட்ட அரைவாழ்வுகள் கடந்துவிட்டன. பழையது ஓர் அணுகூட மிச்சமிருக்காது. எண் உண்மை என்றால் உலை அந்த நிமிடம் எரிந்துகொண்டிருக்க வேண்டும். நிறமாலையில் ஒரு முகட்டை வேறொரு தனிமத்தின் முகடாகக் கணினி படித்துவிட்டது. வெளியிடுமுன் அரைவாழ்வுக் கணக்கைப் போட்டுப் பார்க்க யாரும் நிற்கவில்லை. திருத்திய எண் ஒரு லட்சம் மடங்கு. அதுவும் பயங்கரம்தான். ஆனால் உலை மறுபடி கிளம்பியதா என்ற கேள்விக்கு முற்றிலும் வேறு பதில்.

இதே கதை முதலாம் உலை நீரில் குளோரின்-38 என்ற பெயரில் மறுபடி நடந்தது. அரைவாழ்வு 37 நிமிடம். வெளிநாட்டு விஞ்ஞானிகள் சிலர் அதை வைத்துத் தொடர்வினை நடக்கிறதோ என்று தீவிரமாகவே ஆராய்ந்தார்கள். ஏப்ரலில் அந்த எண்ணையும் டெப்கோ விலக்கிக்கொண்டது.

சரியாகக் கையாண்டதும் உண்டு. 2011 நவம்பர் தொடக்கத்தில் இரண்டாம் உலையின் வாயு மாதிரியில் செனான்-135 தெரிந்தது. அரைவாழ்வு 9 மணி நேரம். மறுபடி பயம். முன்னெச்சரிக்கையாகப் போரான் நீர் செலுத்திவிட்டு, கணக்குப் பார்த்தார்கள். கியூரியம்-242, 244 அணுக்கள் தாமாகப் பிளப்பதே இந்தச் சிறு அளவுக்குப் போதும் என்று தெரிந்தது.

அமெரிக்காவே இந்த அமைப்பைக் கைவிட்டுவிட்டதாமே?

கட்டாயம் என்ற நிலையை நீக்கியது. வெஸ்டிங்ஹவுஸ் உள்ளிட்ட உலை வகைகளின் உரிமையாளர் குழுக்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் ஆணையம் 2000இல் ஒப்புக்கொண்டது. வாதம் எளிமையானது. மக்களை வெளியேற்றுவதா என்ற முடிவு முதல் சில மணி நேரத்திலேயே எடுக்க வேண்டியது. மாதிரி முடிவு வருவதற்குள் அந்த நேரம் போய்விடும். வந்தாலும் அது குழாய் தொடங்கும் இடத்து நீரைத்தான் காட்டும். எரிபொருளின் மேல்முனையில் உள்ள வெப்பமானிகள், கலனின் நீர்மட்டக் காட்டி, கட்டடத்துக்குள் இருக்கும் கதிர்வீச்சுமானிகள், ஹைட்ரஜன் மானி ஆகியவை நொடிக்கு நொடி அதையே சொல்கின்றன. இதற்கிடையில் யாருமே பயன்படுத்தாத ஒரு சிக்கலான அமைப்பைப் பராமரிக்கவும், வால்வு ஒழுகாமல் பார்க்கவும், ஆட்களைப் பயிற்றவும் ஆண்டுதோறும் செலவு.

இந்த முடிவு நியாயமானதாகவே எனக்குப் படுகிறது. த்ரீ மைல் ஐலண்டில் குறை மாதிரி வராததில் இல்லை. எரிபொருளின் மேல் வெப்பமானிகள் காட்டிய மிக உயர்ந்த எண்களைக் கருவிக்கோளாறு என்று ஒதுக்கியதில் இருந்தது.

அப்படியானால் இனி மாதிரியே எடுக்கமாட்டார்களா?

எடுப்பார்கள். மூன்று நிபந்தனைகளோடுதான் ஆணையம் விட்டது: அதிகக் கதிரியக்கமுள்ள நீரையும் காற்றையும் எடுத்துச் சோதிக்க ஒரு மாற்றுத் திட்டம், வெளியே போகும் ஐயோடினை அளக்கும் வசதி, ஐயோடின்-131க்குச் சமமாகக் கணக்கிட்டால் ஒரு கிராமுக்கு 300 மைக்ரோகியூரி என்ற அளவில் எரிபொருள் சேதத்தைக் கண்டுகொள்ளும் திறன். மூன்று மணி நேரக் கெடு போய்விட்டது; நிலைமை அடங்கிய பிறகு நிதானமாக எடுக்கலாம்.

என் கவலை இந்த மாற்றுத் திட்டத்தின்மேல்தான். கருவி கண்முன் இருந்தபோது அதற்கான பயிற்சியும் நடந்தது. காகிதத்தில் மட்டும் இருக்கும் திட்டத்தில், ஈயப் பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது, நீர்க்கச் செய்யும் கணக்கை யார் சரிபார்ப்பது என்பதெல்லாம் ஒத்திகை பார்த்தால்தான் தெரியும்.

கூடங்குளம், கல்பாக்கத்துக்கு இவை பொருந்துமா?

கூடங்குளத்திலுள்ள ரஷ்ய வகையான விவிஇஆர்-1000 அழுத்த நீர் உலைதான். போரிக் அமிலம் உண்டு, ஐயோடின், சீசியக் கணக்கும் அப்படியே. வேதியியலில் சிறு வித்தியாசம்: மேற்கத்திய உலைகளில் லித்தியம் ஹைட்ராக்சைடு சேர்ப்பார்கள், இங்கே பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் அம்மோனியாவும். அம்மோனியா கதிர்வீச்சில் சிதைந்து ஹைட்ரஜனைத் தரும்.

கல்பாக்கத்திலுள்ள சென்னை அணுமின் நிலைய உலைகள் கனநீர் வகை. அவற்றில் குளிர்விக்கும் கனநீரும் நியூட்ரானைத் தணிக்கும் கனநீரும் தனித்தனிச் சுற்றுகள். குளிர்விப்பு நீரில் போரான் கலப்பதில்லை என்பதால் அந்தக் கேள்வியே எழாது. பதிலுக்கு ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் எப்போதும் கூட இருக்கும். மாதிரி கையாள்பவர் மூச்சிலும் தோலிலும் அது போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீரைப் பார்த்து, உள்ளே எரிபொருள் எந்த நிலையில் கிடக்கிறது என்று சொல்ல முடியுமா?

எவ்வளவு வெளியேறியது என்று சொல்லலாம். எப்படிக் கிடக்கிறது என்று சொல்ல முடியாது. த்ரீ மைல் ஐலண்ட் நீரை ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். சேதம் கடுமையானது என்பதில் ஐயமில்லை, ஆனால் எரிபொருள் பெரிதாக உருகவில்லை என்று நம்பிய வல்லுநர்கள் பலர். 1982 ஜூலையில் சிறு கேமராவை உள்ளே இறக்கினார்கள். எரிபொருள் தொடங்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் கீழே இறங்கிய பிறகுதான் இடிபாடு தெரிந்தது. 1985 பிப்ரவரியில் கலனின் அடிப்பகுதியைப் பார்த்தபோது உருகி ஓடி உறைந்த பொருள் அங்கே கிடந்தது. பின்னர் கணக்கிட்டதில் அது மட்டும் சுமார் 20 டன். எரிபொருள் மையத்தில் ஏறக்குறைய பாதி உருகியிருந்தது.